ஆன்லைனில் எல்லாம் கிடைக்கும்போது ப்ளூரே எதற்கு? அமெரிக்க அனிமே ரசிகர்கள் டிஸ்க் வாங்குவதன் பின்னணி!

2024-ம் ஆண்டு ஏப்ரல் 2. அமெரிக்காவில் ஃபனிமேஷன் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்துக்கு அதுதான் கடைசி நாள். ஜப்பானில் தயாராகும் அனிமேஷன் தொடர்களை ஆங்கிலத்தில் டப்பிங் செய்து, 1990-களில் இருந்தே அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனம் அது. சோனியின் கைக்குப் போன பிறகு, க்ரஞ்சிரோல் என்ற இன்னொரு தளத்தோடு இணைக்கப்பட்டது. கடைசியில் பழைய ஆப், பழைய வெப்சைட் இரண்டுமே மூடப்பட்டன.

ஓடிடி தளம் ஒன்று மூடுவதெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றலாம். சிக்கல் எங்கே வந்தது என்றால், ஃபனிமேஷன் விற்ற பல டிவிடி, ப்ளூரே பெட்டிகளுக்குள் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதில் உள்ள கோட் எண்ணை வெப்சைட்டில் போட்டால், அதே தொடரின் டிஜிட்டல் காப்பி வாங்கியவரின் கணக்கில் ஏறிவிடும். சில நிபந்தனைகள் உண்டு என்று ஓரமாகச் சொல்லியிருந்தாலும், அந்தக் காப்பியை என்றென்றைக்கும் பார்க்கலாம் என்றுதான் நிறுவனத்தின் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அந்த 'என்றென்றைக்கும்' ஏப்ரல் 2-ம் தேதியோடு முடிஞ்சு போச்சு. ஃபனிமேஷன் டிஜிட்டல் காப்பிகள் தங்கள் தளத்தில் வேலை செய்யாது என்று க்ரஞ்சிரோல் அறிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடாக ஏதாவது செய்ய முயல்வதாக அதன் தலைவர் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால், கணக்கில் இருந்த தொடர்கள் கணக்கில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே பெட்டிக்குள் இருந்த டிஸ்க் மட்டும் ஏப்ரல் 3-ம் தேதியும் ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது.

காலம் மாறியும் மாறாத கூட்டம்

அமெரிக்காவில் டிஸ்க் வியாபாரம் படுத்துவிட்டது என்பது உண்மைதான். தபாலில் டிவிடி அனுப்பித் தொழிலைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. பெஸ்ட் பை என்ற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர் 2024-ல் டிவிடி, ப்ளூரே விற்பனையையே கைவிட்டது. இன்னொரு பக்கம், க்ரஞ்சிரோலுக்கு உலகம் முழுக்க காசு கட்டிப் பார்க்கும் சந்தாதாரர்கள் மட்டும் ஒன்றரை கோடிக்கு மேல். தமிழ் டப்பிங்கில்கூட அனிமே வந்துவிட்ட காலம் இது.

இப்படி இருக்கும்போது, மாதச் சந்தாவும் கட்டிவிட்டு, அதே தொடரை 50, 60 டாலர் கொடுத்து டிஸ்காகவும் வாங்குகிறவர்கள் யார்? கேட்டால் 'கலெக்‌ஷன்' என்பார்கள். அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்க்கும் ஆசை உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் பொம்மைகளோடு நிறுத்தியிருப்பார்கள். டிஸ்க் வாங்கும் பழக்கத்துக்கு நாற்பது வருஷக் கதை இருக்கிறது.

கேசட்டில் தொடங்கிய கதை

1980-களில் அமெரிக்க டிவியில் ஜப்பானியத் தொடர்கள் வந்தன. ஆனால் பெயர் மாற்றி, காட்சிகளை வெட்டி, குழந்தைகளுக்கான கார்ட்டூனாக்கித்தான் வந்தன. முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் ஒரே வழி, ஜப்பானில் இருந்து வந்த விஎச்எஸ் கேசட்டைக் காப்பி எடுப்பது. மொழி தெரிந்த ரசிகர்கள் வசனத்தை மொழிபெயர்க்க, இன்னொருவர் அமிகா கம்ப்யூட்டரை வைத்து அதைக் காட்சியின் மேல் சப்டைட்டிலாக ஏற்ற, அந்தக் கேசட் தபாலில் ஊர் ஊராகச் சுற்றும். வெற்று கேசட்டுக்கும் தபால் தலைக்கும் உரிய காசுதான் வாங்க வேண்டும், லாபம் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். அமெரிக்க நிறுவனம் ஏதாவது அந்தத் தொடரின் உரிமத்தை முறையாக வாங்கிவிட்டால், சுற்றில் விடுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அப்படித்தான். எல்லோரும் கடைப்பிடித்தார்களா என்பது வேறு விஷயம்.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் நிறுவனங்கள் முளைத்தன. அயோவா மாநிலத்தில் 1987-ல் ரைட் ஸ்டஃப், 1988-ல் ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ், அனிமெய்கோ, 1992-ல் ஏடிவி ஃபிலிம்ஸ், 1994-ல் ஃபனிமேஷன். இவற்றில் பலவற்றை நடத்தியவர்களே ரசிகர்கள்தான்.

அன்றைய விலையை இன்றைக்குக் கேட்டால் தலை சுற்றும். ஒரு கேசட்டில் பெரும்பாலும் 2 எபிசோடு. 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன்' தொடருக்கு மொத்தம் 26 எபிசோடு. ஏடிவி நிறுவனம் அதை 13 கேசட்டுகளாக வெளியிட்டது. ஒவ்வொன்றும் 30 டாலரை ஒட்டிய விலை. அதிலும் சப்டைட்டில் கேசட் தனி, டப்பிங் கேசட் தனி. கடைகள் டப்பிங்கைத்தான் அதிகம் எடுத்தன என்பதால், குறைவாக அச்சான சப்டைட்டில் கேசட்டுக்குக் கூடுதல் விலை வேறு.

டிவிடி வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஒரே டிஸ்கில் ஜப்பானிய ஒலி, ஆங்கில ஒலி, சப்டைட்டில் மூன்றும் அடங்கின. ஆனால், வியாபார மூளை அதோடு நிற்கவில்லை. முதல் டிஸ்கை மட்டும் ஒரு பெரிய காலி அட்டைப் பெட்டியோடு சேர்த்து விற்றார்கள். மீதி ஐந்தோ ஆறோ டிஸ்குகளுக்கான இடம் பெட்டிக்குள் காலியாகவே இருக்கும். அந்த வெற்றிடத்தை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், அடுத்த டிஸ்கை வாங்காமல் யாரால் இருக்க முடியும்?

2007-ல் அந்தக் காலி இடம் பலர் வீட்டில் அப்படியே நின்றுபோனது. ஜெனியான் என்ற பெரிய நிறுவனம் அமெரிக்காவில் வெளியீட்டை நிறுத்த, பல தொடர்கள் பாதியில் தொங்கின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சென்ட்ரல் பார்க் மீடியா திவாலானது. ஏடிவி தன் சொத்துகளை விற்றுக் கலைந்தது. நிறுவனம் போனால் தொடரும் போகும் என்பதை இந்த ரசிகர்கள் ஸ்ட்ரீமிங் வருவதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

ஒரே தொடர்தான், ஆனால் ஒன்றல்ல!

இனி வருவதுதான் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாத காரணம். ஓடிடியில் இருக்கும் தொடரும் டிஸ்கில் இருக்கும் தொடரும் பல நேரம் ஒன்றே அல்ல.

எவாஞ்செலியனையே எடுத்துக்கொள்ளலாம். ஏடிவியின் உரிமம் முடிந்து, பல ஆண்டுகள் அமெரிக்காவில் அந்தத் தொடரைப் புதிதாக வாங்க வழியே இல்லாமல் இருந்தது. 2019 ஜூன் மாதம் நெட்ஃபிளிக்ஸ் அதைக் கொண்டுவந்தபோது பெரிய கொண்டாட்டம். பார்க்கத் தொடங்கியதும் முகம் மாறிவிட்டது. குரல் கொடுத்தவர்கள் வேறு, மொழிபெயர்ப்பு வேறு. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வரும் 'ஃப்ளை மீ டு தி மூன்' பாட்டு, ஜப்பானுக்கு வெளியே நீக்கப்பட்டிருந்தது. 24-வது எபிசோடில் இரண்டு பாத்திரங்களுக்கு இடையே வரும் ஒரு முக்கியமான வசனம், பழைய மொழிபெயர்ப்பில் 'லவ்' என்று இருந்தது, புதியதில் 'லைக்' ஆனது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் என்ன உறவு என்பதே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

பழைய ஏடிவி டிவிடியை வைத்திருந்தவர்கள் வீட்டில் மட்டும் பாட்டும் இருந்தது, பழைய குரல்களும் இருந்தன. 2021-ல் ஜிகிட்ஸ் நிறுவனம் ப்ளூரே வெளியிட்டபோது, பழைய டப்பிங்கை விலை அதிகமான லிமிடெட் எடிஷனில் மட்டும்தான் வைத்தது.

'அகிரா' படத்துக்கும் இதே கதை. அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு டப்பிங் உண்டு. சிறுவயதில் முதல் டப்பிங்கைக் கேட்டு வளர்ந்தவருக்கு, 2001-ல் வந்த இரண்டாவது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்நியம்தான். டப்பிங் படத்தில் ஹீரோவின் குரல் மாறினால் எப்படி ஒட்டாமல் போகும் என்பது தமிழ் ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படத்திலும் வித்தியாசம் உண்டு. 1997 டிசம்பர் 16-ம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில், சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அதன் பிறகு, வேகமாக மின்னும் காட்சிகளை மங்கலாக்கித்தான் ஜப்பானிய சேனல்கள் ஒளிபரப்புகின்றன. ஸ்ட்ரீமிங்குக்கு வருவது பெரும்பாலும் அந்த டிவி பதிப்புதான். ப்ளூரேயில் அந்த மங்கல் பல தொடர்களில் எடுக்கப்பட்டுவிடும். ரத்தத்தை மறைக்கும் கறுப்பு நிழல், உடம்பை மறைக்கும் வெள்ளை ஆவி எல்லாமும் அப்படியே.

இதைவிடச் சுவாரஸ்யம், சில ஸ்டூடியோக்கள் படத்தையே மறுபடி வரைவது. வாரம் ஒரு எபிசோடு என்ற அவசரத்தில் அரைகுறையாகப் போன காட்சிகளை டிஸ்குக்காகச் சரிசெய்வார்கள். 'மடோகா மேஜிகா'வை எடுத்த ஷாஃப்ட் ஸ்டூடியோ இதற்குப் பேர்போனது. டிவியில் காலியாக இருந்த சுவர், ப்ளூரேயில் ஜன்னலும் ஓவியமுமாக நிறைந்திருக்கும்.

இதோடு தரமும் சேர்கிறது. ப்ளூரேயில் வீடியோ நொடிக்கு அதிகபட்சம் 40 மெகாபிட் வரை ஓடலாம். ஸ்ட்ரீமிங்கில் அதே அளவு படத்துக்கு அதில் கால் பங்கைத் தாண்டுவதே அபூர்வம். சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அனிமேயில் இருட்டு வானம், அந்திச் சிவப்பு என்று ஒரே நிறம் மெல்ல மெல்ல மாறும் இடங்கள் அதிகம். அங்கே நெட் வழியாக வரும் படம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும்.

காசு கொடுத்தால் சொந்தமா?

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது சட்டம்.

1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு புத்தக வழக்கு வந்தது. ஒரு பதிப்பாளர் தன் நாவலில், இதை 1 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தார். மேசிஸ் கடைக்காரர்கள் அதை 89 சென்டுக்கு விற்றார்கள். பதிப்பாளர் வழக்குப் போட, நீதிமன்றம் அவர் கேட்டதைக் கொடுக்கவில்லை. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்கிறார் என்பதில் தலையிட உனக்கு உரிமை இல்லை என்றது. இதுதான் பின்னாளில் 'முதல் விற்பனை' கோட்பாடாக, அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 109-வது பிரிவில் உட்கார்ந்தது. இதனால்தான் டிஸ்கை நண்பனுக்கு இரவல் தரலாம், பழைய கடையில் விற்கலாம், பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அமெரிக்கப் பொது நூலகங்கள் அனிமே டிவிடிகளை இலவசமாக இரவல் தருவதும் இந்தப் பிரிவின் பலத்தில்தான்.

டிஜிட்டலுக்கு இது கிடையாது. வாங்கிய பாட்டு ஃபைல்களை மறுவிற்பனை செய்ய ரீடிஜி என்ற நிறுவனம் முயன்றபோது, 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. ஃபைலை அனுப்பும்போது புதுக் காப்பி ஒன்று உருவாகிறது, அதை உருவாக்கும் உரிமை உனக்கில்லை என்பது காரணம். அதாவது, ஆன்லைனில் 'பை' பட்டனைத் தட்டுகிறவர் வாங்குவது படத்தை அல்ல, பார்க்கும் அனுமதியை. அனுமதி கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லை டிஜிட்டல் கடைகள் அங்கே பயன்படுத்த முடியாது. பட்டனுக்குப் பக்கத்தில் எழுதிப்போட்டாலே சட்டம் திருப்தியாகிவிடும். எடுத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை.

விலை ஏன் இவ்வளவு?

ஜப்பானில் 2 எபிசோடு உள்ள ஒரு டிஸ்க் 6,000, 7,000 யென் வரை விற்கும். அமெரிக்காவில் ஏறக்குறைய அதே காசுக்கு 12 எபிசோடும் கிடைத்துவிடும். டிவிடி காலத்தில் இது பெரிய தலைவலியாக இல்லை. ஜப்பான் டிவிடிக்கு ஒரு ரீஜன், அமெரிக்க டிவிடிக்கு வேறு ரீஜன், இங்குள்ளது அங்கு ஓடாது. ப்ளூரே வந்தபோது இரண்டு நாடுகளும் ஒரே ரீஜனுக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவில் மலிவாக வாங்கி ஜப்பானில் போட்டுப் பார்த்தால், ஜப்பான் கம்பெனிக்கு அடி.

அதனால் சில டிஸ்குகளில் ஜப்பானிய ஒலியை வைத்தால் ஆங்கில சப்டைட்டிலை அணைக்கவே முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். சோனி குழுமத்தின் அனிப்ளெக்ஸ் வேறு வழியில் போனது. அமெரிக்காவிலும் விலையை ஜப்பான் அளவுக்கு ஏற்றிவிட்டது. ஒரு தொடருக்கு நூற்றுக்கணக்கான டாலர். திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள். 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' என்ற 110 எபிசோடு தொடரை சென்டாய் நிறுவனம் பெட்டியாக வெளியிட்டபோது போட்ட விலை சுமார் 800 டாலர்.

மறுபக்கம், டிஸ்கோடெக் என்ற சின்ன நிறுவனம் பழைய தொடர்களைத் தேடிப் பிடித்து, சாதாரணத் தரத்தில் உள்ள முழுத் தொடரையும் ஒரே ப்ளூரேயில் அடைத்து நியாயமான விலைக்குக் கொடுக்கிறது. அனிமெய்கோ 2013-ல் 'பபுள்கம் க்ரைசிஸ்' ப்ளூரேக்காக ரசிகர்களிடமே முன்பணம் கேட்டது. இலக்கு 75,000 டாலர், வந்தது அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு பழைய தொடரை மறுபடி வெளியிடலாமா என்று தயங்கும் கம்பெனிக்கு, டிஸ்க் வாங்கும் கை ஒரு ஓட்டு மாதிரி. ஆனால் அந்தப் பணம் படம் வரைந்தவர் கைக்கு நேரே போகும் என்று யாராவது நினைத்தால் அது நடப்பதில்லை. உரிமம் விற்றவர்கள் வரைதான் போகும்.

டிஸ்க்கும் ஏமாற்றும்

டிஸ்க் என்றால் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்லிவிட முடியாது. 2007 முதல் வந்த 'டிராகன் பால் ஸீ' ஆரஞ்சு நிறப் பெட்டிகளில், சதுரமான பழைய படத்தை அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். தலைமுடிதான் அடையாளமான பாத்திரங்களுக்குத் தலைமுடியையே காணோம்! பிறகு வெட்டாத படத்தோடு 'டிராகன் பாக்ஸ்' வந்தது. அது அச்சில் இல்லாமல் போனதும், பழைய சந்தையில் விலை எங்கோ போய்விட்டது.

விற்பனை ஒரே கையில் சேர்வதும் இன்னொரு கவலை. எல்லாக் கம்பெனிகளின் டிஸ்குகளும் கிடைத்த ரைட் ஸ்டஃப் கடையை 2022-ல் க்ரஞ்சிரோல் வாங்கியது. 2023 அக்டோபரில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டுத் தன் கடையோடு இணைத்துக்கொண்டது. இப்போது ஸ்ட்ரீமிங் நடத்துவதும், டிஸ்க் அச்சிடுவதும், டிஸ்க் விற்கும் பெரிய சிறப்புக் கடையை வைத்திருப்பதும் ஒரே வீட்டுக்காரர்.

ஆனால் இன்றைக்கு ரசிகர்களை அதிகம் யோசிக்க வைப்பது டிஸ்க் அல்ல, ப்ளேயர். சாம்சங் 2019-லேயே அமெரிக்காவில் புதிய ப்ளூரே ப்ளேயர்களைக் கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டது. எல்ஜி 2024-ல் விலகியது. பலருக்கு வீட்டில் உள்ள ஒரே ப்ளேயரே ப்ளேஸ்டேஷன்தான். அதிலும் டிஸ்க் போடும் இடமே இல்லாத மாடல் வந்துவிட்டது.

டிஸ்கில் உள்ளதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கே 1998-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. டிஸ்கில் போட்டிருக்கும் காப்பித் தடுப்புப் பூட்டை, சொந்த டிஸ்காகவே இருந்தாலும் உடைக்கக் கூடாது என்கிறது அது. விற்கலாம், இரவல் கொடுக்கலாம், நூலகத்துக்குத் தூக்கிக் கொடுக்கலாம். பூட்டைத் தொடக் கூடாது. அதனால் சில ரசிகர்கள் இன்னொரு ப்ளேயரை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலேயே அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள்.